கழற்றத் தெரிந்தால் போதுமா?

பத்து காவானிலிருந்து ஒரு வாசகர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. பல தோட்டங்களில் பல பேர் மனத்துக்குள் வைத்துக்கொண்டு வெளியே கேட்கப் பயப்படும் கேள்வி அது. கடிதத்தை அவர் எழுதியபடியே தருகிறோம்.

"ஐயா, வணக்கம். நான் செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டற ஆளு. தோட்டம் பெரிசில்லே, ஒரு முதலாளிதான். காட்டுப்பன்றி வந்து கன்னு மரத்தையெல்லாம் தோண்டிப் போட்டுடுது. அதுக்காக முதலாளி லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்காரு. தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் தள்ற துப்பாக்கி. வேட்டைக்குப் போயிட்டு வந்தா என்கிட்ட கொடுத்து, 'துடைச்சு வை'ன்னுட்டு டவுனுக்குப் போயிடுவாரு. போன வாரம் அந்தத் தாழ்ப்பாளை வெளியே எடுத்து எண்ணெய் போட்டேன். திரும்ப உள்ளே போகலே. எப்படித் திருப்பினாலும் போகலே. பயத்துல சுத்தியலால லேசா ரெண்டு தட்டு தட்டினேன். அப்புறம் எப்படியோ போயிடுச்சு. சரியாத்தான் போயிருக்கா, இல்லே எக்குத்தப்பா மாட்டியிருக்கேனான்னு தெரியலே. முதலாளிகிட்ட சொல்லவும் பயமா இருக்கு. அவரு சுடும்போது ஏதாச்சும் ஆயிட்டா என் தலையில விழுமே. என்ன செய்யறது?"

இந்தக் கடிதத்தை நாம் இரண்டு முறை படித்தோம். 'எப்படியோ போயிடுச்சு' என்ற இரண்டு சொற்கள்தாம் நம்மை உறுத்தின. தோட்டத்தில் எத்தனையோ வேலைகளை நாம் 'எப்படியோ' செய்து முடித்துவிடுகிறோம். மருந்துப் பம்பைக் கழற்றி வாஷரைத் தலைகீழாகப் போட்டால் மருந்து முதுகில் வழியும், எரிச்சலோடு போய்விடும். சைக்கிள் சங்கிலியை மாற்றி மாட்டினால் வழியில் கழன்று விழும். தள்ளிக்கொண்டு வீடு வரலாம். துப்பாக்கியில் 'எப்படியோ' என்பதற்கு இடமே இல்லை. அங்கே தவறு நடந்தால் அது சுடுகிறவன் முகத்தில் வெடிக்கும். இல்லையேல் எதிர் வீட்டுச் சுவரைத் துளைக்கும்.

ஆகவே பதிலை மட்டும் எழுதி அனுப்பாமல், நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று பத்து காவானுக்குப் புறப்பட்டோம்.

பழைய மண், புதிய ஊர்

பத்து காவானைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாங்கு மாநிலம் என்றாலும் இது ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவில் இல்லை. எதிர்க்கரையான செபராங் பிறையின் தென்பகுதியில் இருக்கிறது. ஆறுகளும் கடலும் சூழ்ந்து ஒரு காலத்தில் தனித் தீவு போலவே இருந்த நிலம். 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரமெங்கும் கரும்புத் தோட்டங்கள். சஞ்சிக்கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர் வெட்டிய கரும்பு அது. கரும்பு போய் ரப்பரும் தென்னையும் வந்தன. பிறகு செம்பனை வந்தது.

இன்று போய்ப் பார்த்தால் பழைய ஆட்களுக்கே வழி தெரியாது. 2000இல் பெரிய விளையாட்டரங்கம் எழுந்தது. 2014 மார்ச் முதல் நாள் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளப் பாலத்தின் ஒரு முனை இங்கேதான் தரையைத் தொடுகிறது. தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் பெரிய கடைகளும் வந்துவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் இன்று தார்ச்சாலை. ஆனாலும் ஓரங்களில் செம்பனை மிச்சமிருக்கிறது. செம்பனை இருக்கிற இடத்தில் காட்டுப்பன்றியும் வரும். இளங்கன்றின் குருத்து அதற்குச் சர்க்கரை மாதிரி. ஒரே இரவில் ஒரு வரிசையைச் சாய்த்துவிட்டுப் போய்விடும்.

கடிதம் எழுதிய நண்பர் தேநீர்க் கடையில் நமக்காகக் காத்திருந்தார். நாற்பது வயது தாண்டியவர். அரிவாள் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். பக்கத்தில் ஒரு பெரியவரையும் உட்கார வைத்திருந்தார். "இவரு எங்க அடுத்த வீட்டுத் தாத்தா. இவரோட அப்பா எஸ்.சி.யா இருந்தவரு. துப்பாக்கின்னா இவரைக் கேளுங்க" என்று அறிமுகம் செய்தார்.

எஸ்.சி. என்றால் என்னவென்று இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 ஜூலை வரை 12 ஆண்டுகள் நீடித்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஆயிரக்கணக்கில் விசேஷக் காவலர்களைச் சேர்த்தார்கள். அவர்கள்தாம் எஸ்.சி.கள். பெரும்பாலோர் மலாய்க்காரர், நம்மவர்களும் சிலர் இருந்தனர். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது பிரிட்டிஷ் பட்டாளத்தின் லீ என்பீல்ட் ரைபிள். பேச்சு வழக்கில் 'திரீ நாட் திரீ'.

தாத்தா சொன்ன கதை

பெரியவரின் தகப்பனார் கெடா பக்கத்துத் தோட்டமொன்றில் எஸ்.சி.யாக இருந்தவர். அப்போது இவர் சின்னப் பையன். மத்தியான வேளையில் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோவது இவர் வேலை.

"காவல் கொட்டகை வாசல்ல எங்கப்பா குச்சியால ஒரு கோடு கிழிச்சு வச்சிருப்பாரு" என்றார் பெரியவர். "துப்பாக்கி துடைக்கற நேரத்துல அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா சோறு கொண்டாந்தவன்னுகூடப் பார்க்க மாட்டாரு, அடிதான். தரையில வெள்ளைத் துணி விரிச்சு, கழட்டின சாமானை இடமிருந்து வலமா வரிசையா வைப்பாரு. பூட்டும்போது வலமிருந்து இடமா எடுப்பாரு. கடைசியா கழட்டினது முதல்ல போகணும். துணி காலியானாத்தான் வேலை முடிஞ்சது. துணியில ஒண்ணு மிச்சம் இருந்தா எல்லாத்தையும் மறுபடி கழட்டுவாரு."

ஆங்கிலம் படிக்காத ஓர் எஸ்.சி. கடைப்பிடித்த இந்தப் பழக்கம்தான் துப்பாக்கி வேலையின் முதல் பாடம். கழற்றுவது யாராலும் ஆகும். கழற்றிய வரிசையை நினைவில் வைத்து, அதையே தலைகீழாக நடத்திப் பூட்டுவதுதான் வேலை.

அவர் இன்னொன்றும் சொன்னார். "தொடங்கறதுக்கு முன்னாடி எங்கப்பா வாய்விட்டு மூணு தரம் 'காலி'ம்பாரு. மகசீனைக் கழட்டி ஒரு 'காலி'. தாழ்ப்பாளைத் திறந்து கண்ணால பார்த்து ஒரு 'காலி'. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து ஒரு 'காலி'. கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாதும்பாரு."

இதை வாசகர்கள் பொன்னெழுத்தில் பொறித்துக்கொள்ள வேண்டும். தோட்டா பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பது பெரும் தவறு. பெட்டி வெளியே வந்த பிறகும் குழலின் பின்முனையில், தோட்டா அறைக்குள், ஒரே ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். 'காலித் துப்பாக்கி' சுட்டுச் செத்தவர்கள் உலகமெங்கும் உண்டு. துடைக்கும் இடத்தில் தோட்டாவே இருக்கக் கூடாது. அதை வேறொரு அறையில், வேறொரு பெட்டியில் வைத்துவிட்டு வந்துதான் துணியை விரிக்க வேண்டும்.

தாழ்ப்பாள் ஏன் உள்ளே போகவில்லை?

இப்போது நம் நண்பரின் கேள்விக்கு வருவோம்.

இழுத்துத் தள்ளும் துப்பாக்கியின் உயிர்நாடி போல்ட். அது கதவுத் தாழ்ப்பாளேதான். கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் திறக்கும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். பூட்டிய நிலையில், போல்ட்டின் காதுகள் போன்ற புடைப்புகள் துப்பாக்கியின் எஃகு உடலில் வெட்டப்பட்ட பள்ளங்களில் போய் மாட்டிக்கொள்கின்றன. தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கி வரும் அசுர வேகத்தைத் தாங்குவது அந்தப் புடைப்புகள்தாம். அவை சரியாக மாட்டவில்லை என்றால் அந்த வேகத்துக்கும் சுடுகிறவன் கண்ணுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

இன்றைய வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஜெர்மனியின் மவுசர் கம்பெனி 1898இல் வகுத்த முறையைப் பின்பற்றியவை. குமாயுன் மலைப்பகுதியில் 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட ரிக்பி ரைபிளும் இந்த மவுசர் வகைதான். இந்த வகை போல்ட்டுக்குள் ஓர் ஊசி இருக்கிறது. அதைச் சுற்றி வலுவான ஸ்பிரிங். பின்முனையில் ஒரு கொக்கி. போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போது அந்தக் கொக்கி பின்னே இழுபட்டு, ஒரு சிறு பள்ளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த நிலையில்தான் போல்ட் வெளியே வரும்; அதே நிலையில்தான் உள்ளேயும் போகும்.

துடைக்கும்போது நம்மவர் என்ன செய்திருப்பார்? ஒரு கையில் போல்ட்டைப் பிடித்து, மறு கையால் துணியை அழுத்தித் திருகியிருப்பார். பின்முனை சற்றே திரும்பியிருக்கும். அவ்வளவுதான்! கொக்கி பள்ளத்திலிருந்து நழுவி, 'டக்'கென்று முன்னால் போய்விட்டது. இப்போது கொக்கி இருக்கும் இடமும் துப்பாக்கியின் பின்புறக் காடியும் நேராக இல்லை. எப்படித் தள்ளினாலும் போகாது.

"ஆமாங்க, 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்டுது! நான் ஏதோ உடைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றார் நண்பர்.

உடையவில்லை. போல்ட்டின் உடலைத் தடித்த துணி சுற்றி இறுகப் பிடித்து, கொக்கியை ஒரு கெட்டியான விளிம்பில் மாட்டிப் பின்னே இழுத்து, நழுவிய திசைக்கு எதிர்த்திசையில் திருப்பினால் அது மறுபடியும் தன் பள்ளத்தில் ஏறி உட்காரும். ஸ்பிரிங் வலுவானது, விரலைக் கடித்துவிடும். இதைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சுத்தியல் மட்டும் கூடவே கூடாது. சரியாகப் பொருந்துகிற போல்ட் ஒரு விரல் தள்ளுக்கே வழுக்கிக்கொண்டு போகும். பலம் தேவைப்படுகிறது என்றாலே ஏதோ தவறு என்று அர்த்தம். நின்றுவிட வேண்டும்.

கனடா பட்டாளம் கற்ற பாடம்

'எப்படியோ போய்விட்டது' என்பது எவ்வளவு ஆபத்து என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

முதல் உலகப் போரில் கனடா நாட்டுப் பட்டாளம் ராஸ் என்ற ரைபிளோடு பிரான்சுக்குப் போனது. குறி தவறாத துப்பாக்கி என்று பேர் வாங்கியது. ஆனால் போர்க்களத்துச் சேற்றில் அது அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதைவிடக் கொடுமை வேறொன்று. அதன் போல்ட்டைத் துடைப்பதற்காகக் கழற்றிய சிப்பாய், அதைத் தவறாகப் பூட்டிவிட முடியும். தவறாகப் பூட்டினாலும் அது உள்ளே போகும், மூடிக்கொள்ளும், பார்வைக்குச் சரியாகவே இருக்கும், சுடவும் செய்யும். ஆனால் புடைப்புகள் பள்ளத்தில் மாட்டியிருக்காது. சுட்ட கணத்தில் போல்ட் பின்னே பறந்து சுட்டவன் முகத்திலேயே பாயும். 1916இல் அந்தத் துப்பாக்கியை விலக்கிவிட்டு, கனடா வீரர்களுக்கும் லீ என்பீல்டையே கொடுத்தார்கள்.

எதிரி சுட்டுச் சாவது போர். சொந்தத் துப்பாக்கியைத் துடைத்துப் பூட்டியதில் பிழை செய்து சாவதை என்னவென்று சொல்வது?

லீ என்பீல்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. அதன் போல்ட்டின் தலை தனித் துண்டு, திருகி மாட்டுவது. துடைக்கக் கழற்றினால் முழுவதும் திருகி, தடுக்கும்வரை கொண்டுபோக வேண்டும். நாலாம் நம்பர் ரகத்தில் அந்தத் தலைக்கே 0 முதல் 3 வரை நாலு அளவுகள் இருந்தன. அந்தந்தத் துப்பாக்கிக்குப் பொருத்தம் பார்த்துப் போட்டார்கள். அதனால்தான் போல்ட்டிலும் துப்பாக்கி உடலிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

"எங்கப்பா காலத்துல பத்துப் பேரு ஒண்ணா உட்கார்ந்து துடைப்பாங்க" என்றார் தாத்தா. "தாழ்ப்பாள் மாறிப்போயிடும்னு சார்ஜண்டு ஒவ்வொருத்தனையும் நம்பரை வாசிக்கச் சொல்லுவாரு. எங்கப்பாவுக்கு இங்கிலீசு எழுத்து தெரியாது. ஆனா அந்த நம்பரை மட்டும் சாகறவரைக்கும் சொல்லுவாரு."

ஒருவன் போல்ட்டை இன்னொருவன் துப்பாக்கியில் போட்டால், அது மூடும். ஆனால் தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் போல்ட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கூடினாலும் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, கொதிக்கும் புகை பின்னால் அடிக்கும். ஆகவே ஒரே நேரத்தில் ஒரே துப்பாக்கி. அதன் சாமான் அதற்கே.

பூட்டும் வரிசை

பெரியவர் சொன்னதையும், துப்பாக்கி வேலை தெரிந்தவர்களிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, லைசென்ஸ் வைத்திருப்போர் நன்மைக்காக இங்கே தருகிறோம். துப்பாக்கிக்குத் துப்பாக்கி சிறு மாற்றம் உண்டு; கம்பெனி கொடுத்த புத்தகமே முடிவானது.

முதலில் குழல். துடைத்து முடித்ததும் ஒரு முனையை வெளிச்சத்துக்குக் காட்டி, மறுமுனை வழியாகப் பார்க்க வேண்டும். போல்ட் வெளியே இருக்கும்போதுதான் இப்படிப் பார்க்கலாம். துடைத்த துணியின் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால், அடுத்த முறை சுடும்போது குழல் பிளந்துகொள்ளும். நீண்ட நாள் மூலையில் நிற்கும் துப்பாக்கியின் குழலில் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. பூட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

இரண்டாவது எண்ணெய். நம் நாட்டுப் புழுக்கத்திலும், பத்து காவான் போன்ற கடலோர உப்புக் காற்றிலும் இரும்பு இரண்டே நாளில் துருவேறும். அதற்காக எண்ணெயை ஊற்றிவிடக் கூடாது. ஈரத் துணியால் துடைத்த மாதிரி மெல்லிய படலம் போதும். சுடப்போகும் முன் குழலும் தோட்டா அறையும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் தோட்டாவின் உறை சுவரைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி, முழுப் பாரத்தையும் போல்ட்டின்மேல் தள்ளும்.

அந்தக் காலத்து எஸ்.சி.கள் சுட்டு முடித்ததும் கெட்டிலில் வெந்நீர் வைத்துக் குழலுக்குள் ஊற்றினார்கள். நமக்கு வியப்பாக இருந்தது. காரணம் உண்டு. பழைய பட்டாளத் தோட்டாவின் பொறி மருந்து எரிந்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பைத் தங்க வைத்துவிடும். உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வெந்நீர் உப்பையும் கரைக்கும், சூட்டில் தானே உலர்ந்தும் போகும். பிறகுதான் எண்ணெய். இப்போது வரும் தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த உப்பு இல்லை.

மூன்றாவது, மரக்கட்டையிலிருந்து குழலைப் பிரித்திருந்தால், உலோகம் மரத்தில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்ததா என்று பார்த்து, முன் திருகை முதலிலும் பின் திருகை அடுத்ததாகவும் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பலத்தைக் காட்டி இறுக்கினால் மரம் நசுங்கும். தளர விட்டால் குறி தவறும். விசை இருக்கும் பெட்டியைக் கழற்றவே கூடாது. அது துப்பாக்கி ரிப்பேர் லைசென்ஸ் உள்ளவருடைய வேலை.

நான்காவது, எண்ணைச் சரிபார்த்து, கொக்கி தன் பள்ளத்தில் இருப்பதைப் பார்த்து, போல்ட்டை உள்ளே விட வேண்டும். பிறகு தோட்டா இல்லாமல் நாலைந்து முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். உரசலோ சிக்கலோ இருக்கக் கூடாது. மண்ணைப் பார்த்தோ, குண்டு துளைக்காத திசையைப் பார்த்தோ பிடித்துக்கொண்டு, சேப்டியைப் போட்டு விசையை அழுத்தினால் ஊசி அடிக்கக் கூடாது. சேப்டியை எடுத்தாலும் தானாக அடிக்கக் கூடாது. அதன் பிறகு விசையை அழுத்தினால்தான் அடிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தத் துப்பாக்கி வேட்டைக்குப் போகக் கூடாது. கடைக்குத்தான் போக வேண்டும்.

சுத்தியலால் தட்டப்பட்ட துப்பாக்கியும் அப்படியே. நம் நண்பர் பூட்டியது சரியா, தவறா என்பதைக் கடிதம் படித்து யாரும் சொல்ல முடியாது. அடுத்த தோட்டா அதற்குள் போகும் முன் அதைத் தெரிந்தவர் பார்த்தாக வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

இது யாருடைய வேலை?

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர், "இனிமே சரியா பூட்டிடுவேங்க" என்றார் மலர்ச்சியோடு.

நாம் தலையசைக்கவில்லை. உண்மையில் நாம் பத்து காவானுக்குப் போனதே இதைச் சொல்லத்தான். பூட்டத் தெரிவது ஒன்று. அந்தத் துப்பாக்கி உம் கையில் இருக்கலாமா என்பது வேறொன்று.

லைசென்ஸ் முதலாளி பெயரில் இருக்கிறது. அவர் டவுனுக்குப் போய்விட்டார். துப்பாக்கி உங்கள் மடியில் இருக்கிறது. அந்த நேரம் போலீஸ் வந்தால் கேள்வி யாரிடம்? 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971இல் வந்த துப்பாக்கித் தண்டனைச் சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாக வைத்திருந்தது நிரூபணமானால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. காட்டுப்பன்றியைச் சுடுவதற்கும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பெர்ஹிலித்தான் இலாகாவின் அனுமதி தனியே வேண்டும். 'முதலாளி துடைக்கச் சொன்னார்' என்பது கோர்ட்டில் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதைச் சோதித்துப் பார்க்கும் நிலை நம் குடும்பங்களுக்கு வர வேண்டாம்.

துப்பாக்கி விஷயத்தில் சட்டம் நம்மவர்களிடம் எவ்வளவு கடுமையாக நடந்துகொண்டது என்பதற்கு ஒரு பெயர் போதும். எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மண்ணிலிருந்து வந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். 1949இல் ரவாங் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கியோடும் சில தோட்டாக்களோடும் பிடிபட்டார். அதைப் போலீசில் ஒப்படைக்கவே கொண்டுபோனதாக அவர் பக்கத்தில் சொல்லப்பட்டது. அவசரகாலச் சட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்திய அரசாங்கம் கருணை கோரியும் கேட்கவில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் அரசியலை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. ஆனால் 'கையில் ஏன் இருந்தது' என்ற கேள்விக்கு முன்னால், 'கையில் இருந்தது' என்பதே போதுமானதாயிற்று என்பதை யாரும் மறுக்க முடியாது.

அந்தச் சட்டம் இன்று இல்லை, காலமும் மாறிவிட்டது. ஆனால் துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறவில்லை.

தோட்டத் தொழிலாளிக்குக் குலை வெட்டுவது வேலை; உரம் போடுவது வேலை; மருந்தடிப்பது வேலை. முதலாளியின் துப்பாக்கியைத் தனியாக வைத்துக்கொண்டு துடைப்பது எந்தக் கணக்கிலும் வேலை ஆகாது. அதற்குத் தனிச் சம்பளம் உண்டா? இல்லை. முகத்தில் வெடித்தால் நஷ்டஈடு உண்டா? அப்போது 'நான் கொடுக்கவே இல்லை' என்று சொல்வதற்கு ஒரு வாய் போதும். துப்பாக்கியை வாங்கத் தெரிந்தவருக்குத் துடைக்கவும் பூட்டவும் தெரிந்திருக்க வேண்டும். அது லைசென்சோடு சேர்ந்த கடமை.

"வேலைக்கு வேட்டு வச்சுடுவாருங்களே" என்று தயங்கினார் நண்பர்.

அதற்குத் தாத்தாதான் பதில் சொன்னார். "தம்பி, 'முடியாது'ன்னு சொல்லாதே. 'நீங்க பக்கத்துல உட்காருங்க முதலாளி, நான் துணி எடுத்துத் தர்றேன், எண்ணெய் எடுத்துத் தர்றேன். நீங்களே பூட்டுங்க. எனக்கு லைசென்ஸ் இல்லே, நாளைக்கு உங்களுக்குத்தான் கெட்ட பேரு'ன்னு சொல்லு. அவரு லைசென்சுக்கே ஆபத்துன்னு தெரிஞ்சா அவரே உட்காருவாரு."

நாமும் அதையே சொன்னோம். சுத்தியலால் தட்டியதையும் மறைக்காமல் முதலில் சொல்லிவிட வேண்டும் என்றோம். இரண்டு திட்டு வாங்குவது பெரிதல்ல. சொல்லாமல் விட்டு, அடுத்த வேட்டையில் அந்த மனிதரின் கண் போனால், ஆயுள் முழுக்கத் தூக்கம் வராது. நண்பர் நெடுநேரம் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னிக்கு ராத்திரியே சொல்லிடறேங்க" என்றார்.

விடைபெறும்போது தாத்தாவிடம், உங்கள் தகப்பனாரின் அந்தத் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்டோம்.

"அவசரகாலம் முடிஞ்சதும் நம்பரைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டு வந்தாரு. மறுநாளே பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு. பத்து வருஷத்துக்கு மேல கையில இருந்திச்சு, ஒரு நாளும் தப்பா வெடிச்சதில்லே. அது போதும்பாரு."

தோழர்களே, உங்கள் தோட்டத்திலும் இப்படி யாரேனும் முதலாளியின் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவரிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் படித்துக் காட்டுங்கள். அப்படியே பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளுக்காக, வாசலில் ஒரு கோட்டையும் கிழித்து வையுங்கள்.